பெட்ரோல் பங்க்ல ஒட்வாருக்கு என்ன வேலை?

மே ஒண்ணாம் தேதி ஒட்வார் சாசேஜ் சாப்பிடறதை விட்டுட்டான். விட்டுட்டேன்னு சொன்னான், அவ்வளவுதான். ரெண்டும் ஒண்ணுன்னு நினைக்கிறவங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகலைன்னு அர்த்தம்.

முந்தின நாள் டாக்டர் ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துட்டு, "கொழுப்புக்கு நடுவுல அங்கங்க கொஞ்சம் ரத்தமும் ஓடுது"ன்னார். அதைக் கேட்டு சிஸெல், அதாவது ஒட்வாரோட பொண்டாட்டி, முகத்தைக் கூட அசைக்கல. வீட்டுக்கு வந்தா, காபி ஊத்தினா, எதிர்ல உக்காந்தா. அவ கத்தினா ஒட்வாருக்குப் பயமில்ல. உக்காந்தாத்தான் பயம்.

"ஜூன் இருபத்திமூணு வரைக்கும் சாசேஜைத் தொடக் கூடாது. ஏரிக்கரைல கோடைத் திருவிழாத் தீ மூட்டுற அன்னைக்கு வரைக்கும்."

"தொடலைன்னா?"

"ஜூலை லீவுல ரெண்டு வாரம் பக்கத்து வீட்டு ரெய்டாரோட வடக்க போய் மீன் பிடிச்சுக்கோ. ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

"தொட்டா?"

"அதே ரெண்டு வாரம் எங்கம்மாவோட மலைவீட்டுக்குப் பெயிண்ட் அடி."

ஒட்வார் கை குடுத்தான். அந்த மலைவீட்டுக்கு அவன் ஏற்கெனவே ஒரு தடவை பெயிண்ட் அடிச்சிருக்கான், புது மாப்பிள்ளையா இருந்தப்ப. மாமியார் கீழ மடக்கு நாற்காலி போட்டு உக்காந்துக்கிட்டு ரெண்டு வாரமும் ஒரே வசனம்தான் பேசினாங்க: "அங்க விட்டுட்ட பாரு." ஒரு மனுஷன் திருந்தறதுக்கு இதுக்கு மேல என்ன காரணம் வேணும்?

ஆனா வயிறுன்னு ஒண்ணு இருக்கே. எட்டாம் நாளே அது ஒப்பந்தம் எதுலயும் நான் கையெழுத்துப் போடலைன்னு சொல்லிடுச்சு.

இதுல சிக்கல் என்னன்னா, ரெண்டு பேருக்கும் பேங்க்ல ஒரே கணக்கு. ஒட்வார் எந்தக் கடைல காசு கட்டப் போனைத் தட்டினாலும் சிஸெலோட போன்ல டிங்னு சத்தம் வரும். எந்தக் கடை, எவ்வளவு, எத்தனை மணி, எல்லாம் வந்துடும். அப்ப நோட்டு குடுத்து வாங்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. அவங்க இருக்குற ஹாமர் ஊருல நோட்டைப் பார்த்து எத்தனை வருஷமாச்சு? சர்ச்சுல காணிக்கை கூடப் போன்லதான். ஆண்டவனுக்கே சில்லறை வேண்டாங்குற ஊருல புருஷன் என்ன ரகசியம் வெச்சுக்க முடியும்?

இருந்தாலும் பழைய பனிச்சறுக்குக் கோட்டுப் பையில இருநூறு க்ரோனர் நோட்டு ஒண்ணு மடிஞ்சு கிடந்துச்சு. எடுத்துக்கிட்டு ஏரிக்கரை சாசேஜ் வண்டிக்குப் போனான்.

வண்டிக்காரம்மா நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "இது என்ன?"

"இருநூறு க்ரோனர்."

"அது தெரியுது. இதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணணும்?"

"வாங்கிட்டு மீதி குடுக்கணும்."

"மீதிக்கு நான் எங்க போறது? போனைத் தட்டுங்க."

"போன் கொண்டு வரல."

அதைச் சொல்லி முடிக்கல, சட்டைப் பையில போன் அடிக்குது. சிஸெல்.

"மத்தியானம் என்ன சாப்பிட்ட?"

"கேரட்."

"எப்படி இருந்துச்சு?"

"கேரட் மாதிரி இருந்துச்சு."

அன்னைக்குச் சாயங்காலம் வேலிக்கு அந்தப் பக்கம் நின்னு எல்லாத்தையும் கேட்டான் ரெய்டார். ஒட்வார் மேல அவனுக்கு அக்கறை. வடக்க போனா மீனை யாரு சுத்தம் பண்றது?

"நீ ஒரு முட்டாள்"ன்னான். "சாசேஜ் வண்டில போய் யாராவது சாசேஜ் வாங்குவானா?"

"பின்ன செருப்புக் கடையிலயா வாங்குவான்?"

"பெட்ரோல் பங்க்ல வாங்கு. டிங்னு வந்தா என்ன வரும்? பங்க் பேரும் தொகையும். உள்ள போய் நீ என்ன வாங்கினன்னு யாருக்குத் தெரியும்?"

"நாப்பத்தஞ்சு க்ரோனருக்கு எவன்டா டீசல் போடுவான்?"

"கூடவே வண்டிக்கு ஏதாவது வாங்கு. மூளையை மீன் தூண்டில்லயே மாட்டி வெச்சிருக்கியா?"

மறுநாளே ஒட்வார் பங்க்குக்குப் போனான். உருளைக்கிழங்கு ரொட்டில சுத்தின சாசேஜ் ஒண்ணு, மேல இறால் சாலட், வறுத்த வெங்காயம், கடுகு சாஸ். கூட வண்டிக் கண்ணாடி கழுவுற தண்ணி ஒரு கேன். போனைத் தட்டினான். மிஷின் பச்சை விளக்குக் காட்டுச்சு. மிஷின் பாவம், அது யாரையும் சந்தேகப்படறதில்ல. பங்க் பின்னால நின்னு நாலே கடியில முடிச்சுட்டு, வாசனை தெரியாம இருக்க அதிமதுர மிட்டாய் ரெண்டு வாயில போட்டுக்கிட்டான்.

வீட்டுக்கு வந்ததும் சிஸெல் கேட்டா. "பங்க்ல நூத்தி நாப்பது க்ரோனருக்கு என்ன?"

கேனை மேஜை மேல வெச்சான். சாட்சி. "கண்ணாடி கழுவுற தண்ணி."

"தீந்துடுச்சா?"

"தீரப் போகுது."

"சரி"ன்னா. அவ்வளவுதான். இவ்வளவு சுலபமா ஒரு பொண்டாட்டி சரின்னு சொன்னா அந்த இடத்துலயே உஷாராகணும். ஒட்வார் உஷாராகல. மறுநாளும் போனான்.

ஆறாவது கேன் வந்தப்ப அவ மறுபடி கேட்டா. "ஒட்வார், இவ்வளவு தண்ணி எதுக்கு?"

"பூச்சி. கண்ணாடி பூரா பூச்சி. ஏரிக்கரைப் பக்கம் இந்த வருஷம் ரொம்ப."

"நீ ஆபீசுக்கு நடந்துதானே போற?"

ஒரு வாய் காபி குடிச்சு நேரம் சம்பாதிச்சான். "ஓடுற வண்டில அவ்வளவா இல்ல. நிக்கிற வண்டி மேலதான் வந்து உக்காருது."

"அப்படியா. அப்ப போய்க் கழுவு."

கழுவினான். வேற வழி? பூச்சி இருக்குன்னு சொன்னது அவன்தானே. அடுத்த வாரம் சிஸெலோட அம்மா காரை ஓட்டிக்கிட்டு வந்தாங்க. அதுலயும் பூச்சி இருக்குன்னா சிஸெல். அதையும் கழுவினான். அப்புறம் வீட்டு ஜன்னல். அப்புறம் மாடி ஜன்னல். ஒரு சாசேஜுக்கு ஒரு கழுவல், பரவாயில்லைன்னு மனசுல விலை பேசிக்கிட்டான். படிச்ச மனுஷன், நகராட்சி ஆபீஸ்ல சாலைப் பிரிவுல அதிகாரி. கணக்குல மட்டும் ஆளு மக்கு.

ஜூன் இருபத்திமூணு வந்துச்சு. கார் ஷெட்டுல பன்னெண்டு கேன். தூண்டிலெல்லாம் எண்ணெய் போட்டுத் தயாரா வாசல்ல. ஏரிக்கரைல தீ மூட்டறதைப் பார்க்கக் கிளம்பினாங்க. வழில சிஸெல் சொன்னா, "பங்க்ல நிறுத்து. ஒரு காபி குடிக்கலாம்."

டாக்டரே வந்து உப்பில்லாத கஞ்சி குடின்னு சொன்னாலும் குடிச்சிருப்பான், அப்படி ஒரு சந்தோஷம் ஒட்வாருக்கு. ஜெயிச்சாச்சு. இன்னும் நாலு மணி நேரம்தான் பாக்கி.

உள்ள சிஸெல் ரெண்டு காபி சொன்னா. போனைத் தட்டினா. அப்புறம் கல்லால இருந்தவர்கிட்ட, "எனக்கு ஒரு இலவச சாசேஜ் வர வேண்டியது இருக்கு. அதையும் குடுத்துடுங்க. இறால் சாலட், வறுத்த வெங்காயம்"ன்னா.

"இலவசமா?"ன்னான் ஒட்வார்.

"பத்து வாங்கினா ஒண்ணு இலவசம்."

"நீ எப்ப பத்து வாங்கின?"

"நான் வாங்கல."

சிஸெல் காபிக் கோப்பையை எடுத்துக்கிட்டு அவன் பக்கம் திரும்பினா.

"இந்த பங்க்ல நான் உறுப்பினரா சேர்ந்து நாலு வருஷமாச்சு, ஒட்வார். நம்ம கணக்கை அதுல சேர்த்து வெச்சிருக்கேன். யார் போனைத் தட்டினாலும் என்ன வாங்கினாங்கன்னு எனக்கு வந்துடும். 'வாழ்த்துக்கள் சிஸெல், இது உங்க மூணாவது சாசேஜ்'னு மெசேஜ் அனுப்புறாங்க. நல்ல மரியாதையான ஆளுங்க."

"முதல் நாளே தெரியுமா?"

"முதல் நாளே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே."

"அப்பவே சொல்லியிருந்தா ஜன்னலெல்லாம் யாரு கழுவறது?"

சாசேஜ் வந்துச்சு. அவன் கண்ணு முன்னாடியே ஒரு கடி கடிச்சா. ரசிச்சுச் சாப்பிட்டா, அவசரமே இல்லாம.

ஒட்வார் கடைசியா ஒரு கிளையைப் பிடிச்சுத் தொங்கினான். "இப்ப எங்க பெயிண்ட் அடிக்கறது? ஜூலைல பாதிக் கடை பூட்டிடுவான். ஒரு டப்பா கூட இன்னும் வாங்கல. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"வாங்கியாச்சே. நாப்பது லிட்டர். அம்மா வீட்டுல இருக்கு."

"எப்ப?"

"போன்லதான் தட்டினேன். அதே கணக்குதான். உனக்கும் டிங்னு வந்திருக்குமே."

வந்திருக்காது. தன் டிங் சத்தம் தனக்கே பயமா இருக்குன்னு அவனே அதை அணைச்சு வெச்சிருந்தான். போனை எடுத்துக் கீழ தள்ளிக்கிட்டே போனான். பங்க், பங்க், பங்க், நடுவுல ஒரே ஒரு வரி: பெயிண்ட் கடை, மே பத்து, மத்தியானம் பன்னெண்டு பத்து.

சரியா அந்த நேரத்துக்குத்தான் ஒட்வார் இதே கல்லா முன்னாடி நின்னு, ரெண்டாவது சாசேஜுக்கு வெங்காயம் கொஞ்சம் தாராளமாப் போடச் சொல்லிட்டிருந்தான்.