மூன்று ரொட்டி மெஷினும் லோர்னாவின் காரும்

அன்பும் மரியாதையும் கலந்த கெர்டா அக்காவுக்கு,

மினசோட்டாவிலிருந்து தம்பி அர்விட் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் இங்கே நானும் என் மனைவி லோர்னாவும் அவளுடைய இடது கையும் நலம். வலது கை இன்னும் மாவுக்கட்டில் இருக்கிறது. அரிசோனா வெயிலில் நீங்களும் அத்தானும் முழு உடம்போடு சுகமாக இருக்கப் பிரார்த்திக்கிறேன்.

கை எப்படி உடைந்தது என்று போனில் நான் சொன்னது பாதி உண்மைதான். காரை எடுக்கப் போகும்போது பனியில் வழுக்கிவிட்டாள் என்றேன். கார் ஷெட் என்று ஒன்று இருக்கும்போது அவள் கார் ஏன் பனியில் நின்றது என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. ஷெட்டில் இடமில்லை அக்கா. பனி தள்ளும் மெஷின் மூன்று, அதில் ஓடுவது ஒன்று. உறைந்த ஏரியில் உட்கார்ந்து மீன் பிடிக்கக் கூடாரம் இரண்டு. நான் ஒரே ஒரு தடவை ஏறி இறங்கிய உடற்பயிற்சி சைக்கிள். ரொட்டி சுடும் மெஷின் மூன்று. எல்லாம் தள்ளுபடியில் வந்தவை, விடமுடியுமா? பதினோரு வருடமாக அவள் நூலக வேலைக்குக் கிளம்புமுன் கார்க் கண்ணாடியில் ஐஸைச் சுரண்டுவாள், நான் ஜன்னலுக்கு உள்ளே காபியோடு அடுத்த தள்ளுபடி நோட்டீஸைப் படித்துக்கொண்டிருப்பேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டபோதுகூட அவள் கத்தவில்லை. "உங்க ஷெட்டு ஒரு தினுசா இருக்குங்க," என்றாள். நம் ஊரில் அதைவிடப் பெரிய வசவு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு அன்றைக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அதனால் சாம்பல் புதனன்று, ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் லெந்து நோன்பில் எதை விடப்போகிறோம் என்று சபையில் அட்டை எழுதிக் கூடையில் போடுவோமே, அதில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: 'எதையும் வாங்கமாட்டேன். ஈஸ்டருக்குள் லோர்னாவின் கார் ஷெட்டுக்குள் நிற்கும்.' கண்ணில் தண்ணீரோடுதான் எழுதினேன், சத்தியம். ஆனால் மெர்ல் என்று ஒருவன் இருக்கிறானே, நாற்பது வருடமாக என் பக்கத்தில் உட்கார்ந்து பிரசங்கத்தில் தூங்குபவன், அவன் வெளியே வரும்போது காதைக் கடித்தான். "ஏம்பா, ஞாயித்துக்கிழமை அந்த நாப்பது நாள் கணக்குலயே வராதுப்பா. அது பண்டிகை நாளு. தாராளமா வாங்கலாம்." பிரசங்கம் செய்யும் பாஸ்டரம்மாவிடமே கேட்டேன், அவரும் கணக்கு அப்படித்தான் என்று சொல்லித் தொலைத்தார். முதல் ஞாயிறு, ஷெட்டை ஒழுங்குபண்ண ஒரு இரும்பு அலமாரி வாங்கினேன். இரண்டாவது ஞாயிறு, அலமாரியில் அடுக்க மூடி போட்ட பெட்டிகள். மூன்றாவது ஞாயிறு, பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று ஒட்ட லேபிள் அடிக்கும் மெஷின். நான்காவது ஞாயிறு ஷெட்டுக் கதவே மூடவில்லை. லோர்னா வந்து பார்த்துவிட்டு அந்த 'தினுசு'கூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அதுதான் என்னைக் கலக்கிவிட்டது.

ஐந்தாவது புதன்கிழமை சபையில் எல்லோருக்கும் சூப் வைக்க எங்கள் முறை. அவள் கையால் முடியாதே, நான் வைக்கிறேன் என்று எழுந்துவிட்டேன். பெரிய பானை எங்கேயோ ஷெட்டில். புதுசு வாங்கலாமென்றால் அன்றைக்குப் புதன், ஞாயிறு இல்லை. மத்தியானத்திலிருந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வாசலில் வைத்தேன், வைத்தேன், வைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அடி மூலையில் பானை அகப்பட்டது. அதற்குள் இன்னொரு பானை, அதற்குள் இன்னொன்று. பானை காணவில்லை என்று ஒவ்வொரு தடவையும் புதுசு வாங்கி, முந்தியதைத் தேடாமல் விட்டிருக்கிறேன். மூன்றையும் ஒன்றுக்குள் ஒன்றாய்ப் போட்டது லோர்னாவாம். சொன்னாளா? சொல்லவில்லை.

பட்டாணி சூப்பைக் கொதிக்கவிட்டு வாசலுக்கு வந்தால், சபைக்குப் போகும் சனம் முழுக்க என் சாமான்களைச் சுற்றி நிற்கிறது. பெவர்லி அம்மாள் ரொட்டி மெஷினைத் தடவி, "நல்லாருக்கே இது," என்றார். நம் ஊர் மரியாதை உங்களுக்கு மறந்திருக்காது. கொடுப்பவன் மூன்று தடவை சொல்லவேண்டும், வாங்குபவர் இரண்டு தடவை மறுக்கவேண்டும். என் பாழாய்ப்போன வாய் பழக்கதோஷத்தில், "வேணும்னா எடுத்துக்குங்க," என்றது.

"ஐயையோ, வேண்டாம் அர்விட்."

"அட, சும்மா எடுத்துக்குங்கம்மா."

"சேச்சே, நல்லாவா இருக்கும்?"

இங்கே நிறுத்தினால் மனிதனா? மூன்றாம் தடவையும் சொன்னேன், மெஷின் போயிற்று. அடுத்தவர், அதற்கடுத்தவர். ஒருவருக்குக் கொடுத்து ஒருவருக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது? மெர்ல் பனி மெஷினைத் தள்ளிக்கொண்டே, "லெந்து நாள்ல இப்படியொரு தியாகமா! நான் உன்னை என்னமோ நினைச்சேன்டா," என்று மூக்கை உறிஞ்சினான். பாஸ்டரம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அதன்பிறகு, 'பானை தேடினேன்' என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அலமாரிகூடப் போய்விட்டது அக்கா.

சபையில் சூப்புக்குமுன் ஜெபம் சொன்னோம். இன்றைக்கு வேண்டிய அப்பத்தை இன்றைக்குத் தாரும் என்று அறுபத்தெட்டு வயதுவரை ஆண்டவரைக் கேட்டுக்கொண்டிருந்தவன், வீட்டில் மூன்று ரொட்டி மெஷின் வைத்திருந்தேன். ஒன்றில்கூட ஒரு ரொட்டி சுடவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. யாரோ சுட்ட ரொட்டித் துண்டு ஒன்று கைக்கு வந்தது. சூப்பில் உப்பு இல்லை. ஆனாலும் அவ்வளவு நிறைவாக நான் சாப்பிட்டதே கிடையாது.

வீட்டுக்கு வந்து லோர்னாவின் காரை நானே ஷெட்டுக்குள் விட்டேன். கதவு இறங்கியது. அவள் பக்கத்தில்தான் இருந்தாள், இரண்டு பேரும் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தோம். "பானை தேடத்தானே எல்லாத்தையும் வெளியில எடுத்தீங்க?" என்றாள். ஆமாம் என்றேன். "இருக்கட்டும். கார் உள்ள வந்துருச்சு. எனக்கு அது போதும்," என்று நல்ல கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா, எனக்கும் வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை. போதும் என்ற சொல் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று இத்தனை வருடப் பிரசங்கத்தில் பிடிபடவில்லை, ஷெட்டில் பிடிபட்டது.

அத்தானுக்கு என் வணக்கம். போதுமென்ற மனதை ஆண்டவர் உங்கள் வீட்டுக்கும் தந்து காப்பாராக.

இப்படிக்கு,
எதுவும் தேவைப்படாத தம்பி,
அர்விட்

பி.கு.: உறையை ஒட்டுமுன் அழைப்பு மணி அடித்தது. நம் சனம் எதையும் சும்மா வாங்கிக்கொள்ளாது என்பதை நான் மறந்தே போனேன். காலையிலிருந்து பதிலுக்குப் பதில் வந்துகொண்டே இருக்கிறது: ஊறுகாய் பதினேழு பாட்டில், பின்னிய போர்வை ஐந்து, மெர்ல் வீட்டிலிருந்து ஒரு முழுநீளத் துடுப்புப் படகு. இரண்டு தடவை மறுத்தேன், மூன்றாம் தடவை வாய் தானாகச் சரி என்றுவிட்டது. லோர்னாவின் கார் ஷெட்டை விட்டு அசையாது, அது முடிவான விஷயம். படகு இப்போதைக்குக் கூடத்தில் சோபா இருந்த இடத்தில் இருக்கிறது, அதில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். அக்கா, உங்களுக்கு ஒரு படகு வேண்டுமா? உங்கள் பக்கம் பாலைவனம் என்று தெரியும். வேண்டாமென்றால் தயவுசெய்து மூன்று கடிதம் போடுங்கள். இரண்டோடு நிறுத்தினால் மரியாதைக்குச் சொல்கிறீர்கள் என்று அனுப்பிவிடுவேன்.