பஸ்ஸுக்கே தெரிந்த ரகசியம்

ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் நடுவே ஏதாவது ஒரு ரகசியம் பிழைத்திருந்தால், அது விசில் வேலை பார்க்காத பஸ்ஸில் போயிருக்க வேண்டும்.

விசில் என்பது அந்தக் கண்டக்டருக்கு ஊர் வைத்த பெயர். மற்ற கண்டக்டர்கள் பஸ்ஸில் மட்டும் ஊதுவார்கள். ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு என்றால் போகலாம். இவர் குடும்பமே அதில் நடத்தினார். டீக்கடையில் சர்க்கரை போடும்போது ஒன்று ஊதினால், 'போதும்' என்று அர்த்தம். தங்கச்சி கல்யாணத்தில் தாலி கட்டி முடித்ததும் ரெண்டு விசில் கொடுத்தார் என்பார்கள். நான் நம்புகிறேன்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஆவடியில் குடியிருந்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். வேலை பார்த்த நேரம் போக மீதி நேரம் குடித்தேன். பொறுத்துப் பார்த்த என் மனைவி ஸ்டெல்லா, "உட்டுட்டு வந்து கூப்புடு, வர்றேன்" என்று சொல்லிவிட்டுப் பாரிவாக்கத்தில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். கம்பெனி டாக்டர் ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார்: பூந்தமல்லி சர்ச் ஸ்கூல், ஞாயிறு சாயங்காலம் ஐந்து மணி, குடியை விட நினைப்பவர்கள் கூடுமிடம். வாசலில் போர்டு இருக்காது, யாரும் பெயர் கேட்க மாட்டார்கள், எல்லாம் ரகசியம் என்றார். அந்த ரகசியம்தான் எனக்குப் பிடித்திருந்தது.

முதல் ஞாயிறு சர்ச் ஸ்டாப்பில் எழுந்தேன். திரும்ப உட்கார்ந்துவிட்டேன். ரெண்டாவது ஞாயிறு படி வரைக்கும் போனேன். எங்கள் மாதா கோயிலில் பாட்டுப் பாடுகிறவர் ரோட்டில் நின்றிருந்தார். திரும்பி வந்துவிட்டேன். ரெண்டு தடவையும் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேரே பிராந்திக் கடைக்குப் போனேன். அங்கே மட்டும் யார் பார்த்தாலும் எனக்கு வெட்கமில்லை.

மூன்றாவது ஞாயிறும் எழுந்து உட்கார்ந்தேன். விசில் வந்து நின்றார்.

"இன்னா சார், மூணு வாரமா இதே ஸ்டாப்புல எழுந்துக்கினு எழுந்துக்கினு குந்துற? சீட்டுல மூட்டப்பூச்சி கீதா?"

டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை நீட்டினேன். சத்தமில்லாமல் படிப்பார் என்று நினைத்தது என் தப்பு.

"அட, குடிய உட்ற மீட்டிங்கா!"

கடைசி சீட்டு வரை கேட்டது. ஒரு விசில். பஸ் நின்றது. "இவுரு எறங்காம வண்டி நவுராது!" டிரைவர் என்ஜினையே அணைத்துவிட்டார்.

"ரிசப்ஷனுக்கு டைமாவுது, எறங்கு நைனா!" என்றார் பட்டு வேட்டிக்காரர் ஒருவர்.

"எம் புருசனும் அங்கதான் திருந்துனான். போ ராசா, போ" என்று பூக்காரம்மா கூடையாலேயே என்னைத் தள்ளினார்.

தைரியத்தில் இறங்கவில்லை, மானம் போன வேகத்தில் இறங்கினேன். பின்னால் ரெண்டு விசில் கேட்டது.

உள்ளே ரெண்டாங்கிளாஸ் பிள்ளைகளின் பெஞ்சில் ஆறு பேர் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தார்கள். "இங்க பாத்தது, கேட்டது எதுவும் வெளிய போகாது" என்றார் கூட்டத்தை நடத்திய பெரியவர். வெளியே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்த ஐம்பது பேரை நினைத்துக்கொண்டேன்.

அரை மணி கழித்து, டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து என் பக்கத்திலேயே இடித்துக்கொண்டு உட்கார்ந்தார் விசில். அவர் குடியை விட்டு எட்டு வருஷமாம். நடந்ததைக் கேட்ட பெரியவருக்குக் கோபமான கோபம். "ரகசியம்னு எத்தனை வாட்டி சொல்றது உனக்கு?"

"குட்ச்சிட்டு கால்வாயில கெடந்தப்போ ஊரே பாத்துச்சு அண்ணாத்தே. அப்போ இல்லாத ரகசியம் எழுந்து நிக்கும்போது இன்னாத்துக்கு?"

பெரியவர் சொன்னதுதான் நியாயம். ஆனால் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று நான் குடிக்கவில்லை.

மீட்டிங்கிலும் அவருக்கு விசில்தான். யாராவது பழைய கதையில் தொட்டுக்கொள்ள வறுத்த மீன் வரைக்கும் போய் நாக்கைச் சப்புக்கொட்டினால், ஒரு விசில். கதை அங்கேயே நின்றுவிடும்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே எனக்குக் காவல். "இது எத்தினியாவது வாரம்?" என்று முன்பின் தெரியாதவர்கள் விசாரித்தார்கள். ஏழாவது வாரம் விசில் லீவு. வேறு கண்டக்டர். பழைய புத்தி எட்டிப் பார்த்தது. ஸ்டாப் வந்தும் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பூக்காரம்மா ரெண்டு விரலை வாயில் வைத்தார். விசில் தோற்றார் போங்கள், அப்படி ஒரு சத்தம்! பஸ் நின்றது. நான் இறங்கினேன்.

"ஏழு வாரமா வர்றாரு, ஒரு வாரம் தப்பல. எந்த மகராசி புருசனோ" என்று பக்கத்து சீட்டுப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். அந்தப் பெண் சட்டென்று எழுந்து என் பின்னாலேயே இறங்கினாள். பாரிவாக்கத்தில் ஏறி, துணி எடுக்கப் பூந்தமல்லிக்குப் போய்க்கொண்டிருந்த ஸ்டெல்லா.

"ஏழு வாரமாவா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ரகசியமாச்சே."

"பஸ்ஸுக்கே தெரியுது, பொண்டாட்டிக்கு மட்டும் ரகசியமா?" என்று சிரித்தாள். சிரிப்பு முடியும்போது அழுதுகொண்டிருந்தாள்.

அடுத்த ஞாயிறு ரெண்டு பேரும் ஆவடியிலிருந்தே சேர்ந்து ஏறினோம். விசில் எங்களை மாறி மாறிப் பார்த்தார். சர்ச் ஸ்டாப்பில் விசிலை வாயில் வைத்தார். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, கம்பியைக் கையால் தட்டி வண்டியை நிறுத்தினார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்குத் தெரியும். மீட்டிங்கில் அவரே சொன்னது. இத்தனை வருஷத்தில் ஒருவரிடமும் நான் சொன்னதில்லை. உங்களிடமும் சொல்ல மாட்டேன்.