ஊருக்குப் பொருத்தம் பார்த்தவர்

திருப்பதியை விட்டுக் குடிபெயர நினைத்த எந்தக் குடும்பமும் பொருத்தத்தைக் கேட்காமல் வேறு ஊரில் பால் காய்ச்சியதில்லை. கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்க்கத் தெருவுக்கு ஒரு ஜோசியர் உண்டு. ஊருக்கும் குடும்பத்துக்கும் பொருத்தம் பார்க்க உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் கம்பெனியின் பின்கட்டில் உட்கார்ந்து அட்டைப் பெட்டிகளுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது மருந்து மொத்த வியாபாரம். சுற்றுவட்டாரத்து மருந்துக்கடைகளிலிருந்து வரும் ஆர்டர்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. அவற்றைப் பெட்டி கட்டி பஸ்ஸிலும் வேனிலும் ஏற்றிவிடுவது அவர் வேலை. அவருடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும் தெரியும்; எங்களுக்கெல்லாம் அவர் ‘பொருத்தம்’. மேனேஜர்கூட மரியாதைக்கு ஒரு தெலுங்கு வாலைச் சேர்த்து ‘பொருத்தம்காரு’ என்றுதான் கூப்பிடுவார்.

முப்பது வருஷம் மருந்து அனுப்பியதில் அவருக்கு ஒரு ஞானம் வந்திருந்தது. ஊரைப் பார்க்காமலே, அது என்ன மாத்திரை விழுங்குகிறது என்பதை வைத்து அதன் குணத்தைச் சொல்லிவிடுவார்.

“இந்த ஊருக்கு இருமல் மருந்து கோடையிலயும் போவுதுமா. புழுதி ஊரு. அந்த ஊருக்கு கேஸ் மாத்திரைதான் பொட்டி பொட்டியா போவுது. வேளைக்குத் துன்றதில்ல. இல்லாட்டி வேளைக்கு நடுவுலயும் துன்றானுங்கோ.”

எந்தெந்த ஊர் என்று நான் எழுதப்போவதில்லை. அந்த ஊர்க்காரர்களும் இந்தப் பத்திரிகையைப் படிக்கிறார்கள்.

எனக்கு அவருடைய தயவு தேவைப்பட்டது நான்கு வருஷத்துக்கு முன்னால். நாங்கள் குடியிருந்த மூன்று மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரர் ஒரு நாள் படியேறி வந்து, “ஏமீ அனுகோகண்டி” என்று ஆரம்பித்தார். ‘தப்பாக நினைக்காதீர்கள்’ என்று ஒருவர் ஆரம்பித்தால் தப்பாகத்தான் ஏதோ வரப்போகிறது. கட்டடத்தை யாத்ரீகர்கள் தங்கும் லாட்ஜாக மாற்றப் போகிறாராம். மூன்று மாதத்தில் காலி செய்ய வேண்டும். திருப்பதியில் சாமிக்கு அடுத்தபடி யாத்ரீகர்களுக்குத்தான் இடம். எங்கள் வருமானத்துக்கு ஊருக்குள் வேறு வீடு கிடைக்கவில்லை.

வெளியூர்தான் என்று முடிவானது. எந்த வெளியூர் என்பதில் சண்டை ஆரம்பித்தது.

என் கணவர் முரளி நகரிக்காரர். அவருடைய அண்ணன்கள் அங்கே பவர்லூம் வைத்திருக்கிறார்கள். அவருக்கு வேலை ரேணிகுண்டா பக்கம் செல்போன் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில்.

“அண்ணன் வூட்டுக்கு எதிர்லயே வூடு காலியா கீது” என்றார்.

“அதான் எனக்கு பயமே” என்றேன்.

நான் சந்திரகிரி என்றேன். அங்கே அவருடைய சொந்தமும் இல்லை, என்னுடைய சொந்தமும் இல்லை. அதுதான் அந்த ஊரில் எனக்குப் பிடித்ததே. இரண்டு வாரம் பேசினோம். மூன்றாவது வாரம் பேச்சே இல்லை. நாலாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் ஹாசினி, ‘அப்பா சாப்பிட வரச் சொன்னாங்க’, ‘அம்மா அப்புறம் வராங்களாம்’ என்று எங்களுக்குள் தபால் கொடுத்தாள்.

கடைசியில் பின்கட்டுக்குப் போனேன்.

பொருத்தம் டேப்பைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, “வூடு பாக்க எப்ப போனீங்கோ?” என்று கேட்டார்.

“ஞாயித்துக்கெழம, அண்ணா.”

“ஞாயித்துக்கெழம பாத்தா எல்லா ஊரும் மாமியார் வூட்டு விருந்து மாதிரி நல்லாத்தான் இருக்கும். ஊர செவ்வாக்கெழம மத்தியானம் மூணு மணிக்குப் பாக்கணும்மா. அப்பதான் அது யாருக்காவவும் தல சீவாம ஒக்காந்திருக்கும்.”

அடுத்த செவ்வாய்க்கிழமை எனக்கும் சேர்த்து அவரே லீவு எழுதிக்கொடுத்துவிட்டார். புத்தூருக்குப் போனோம். ஏன் புத்தூர் என்று கேட்டேன். நகரிக்கும் திருப்பதிக்கும் நடுவில் இருக்கிறது, புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு நடுவில் இருக்கிற ஊர்தான் நல்லது என்றார்.

ஓர் ஊரின் மனசைத் தெரிந்துகொள்ள அவரிடம் ஒரு சோதனை இருந்தது. ஜனம் நடமாடும் இடமாகப் பார்த்து விழுவார். எத்தனை பேர் ஓடி வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று கடிகாரத்தைப் பார்ப்பார். என்னைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு ஆட்டோ ஸ்டாண்டு அருகே காலைப் பிடித்துக்கொண்டு, “அய்யய்யோ” என்று உட்கார்ந்தார்.

எந்த ஊரில் காலைப் பிடிக்கிறோம் என்பதை அவர் யோசித்திருக்க வேண்டும். எலும்பு முறிவுக்குக் கட்டுக் கட்டிக்கொள்ள நாலு மாநிலத்திலிருந்தும் ஆள் வருகிற இடம் அது. அவர் கடிகாரத்தைத் திருப்புவதற்குள் நாலு பேர் அவரைத் தூக்கி ஆட்டோவில் போட்டாகிவிட்டது. “எனக்கு ஒண்ணுமில்ல” என்று அவர் சொல்லச் சொல்ல, “எல்லாரும் அப்டித்தான் சொல்லுவாங்க, கம்முனு வா” என்று ஒருவர் அவர் காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நான் இன்னொரு ஆட்டோ பிடித்துப் பின்னால் ஓடினேன்.

வைத்தியர் வயசானவர். முட்டியிலிருந்து கணுக்கால் வரை அழுத்திப் பார்த்தார்.

“காலு நல்லாத்தான கீது. எதுக்கு வந்த?”

“ஊரு எப்டி கீதுன்னு பாக்க வந்தேங்க.”

“ஊரப் பாக்க கண்ணக் காட்டு. கால எதுக்கு நீட்ற?”

திரும்பும்போது பஸ்ஸில் பொருத்தம் தன் காலையே நீவிக்கொண்டு வந்தார். வடமாலப்பேட்டை தாண்டியதும், “பன்னெண்டு செகண்டுமா” என்றார். “என் சர்வீஸ்ல எந்த ஊரும் இவ்ளோ சீக்கிரம் தூக்கினதில்ல.”

முரளி மசியவில்லை. நகரியையும் பார்க்கச் சொன்னார். பார்த்தோம். அண்ணன்மார் வீட்டில் இலை போட்டுச் சோறு போட்டார்கள். தறிச் சத்தத்துக்கு நடுவில் அவர்கள் சொன்னது பொருத்தத்துக்குக் கேட்கவில்லை, அவர் சொன்னது அவர்களுக்குக் கேட்கவில்லை. பிரியும்போது இரண்டு தரப்பினரும் மிகுந்த சந்தோஷமாக இருந்தார்கள்.

“ரெண்டும் நல்ல ஊருதான். ஒத்திகை பாத்துருங்கோ” என்றார் பொருத்தம்.

ஒத்திகை என்றால், குடிபோவதற்கு முன்பே ஒரு வாரம் அந்த ஊரிலிருந்து வேலைக்குப் போய் வர வேண்டும். திருப்பதியில் இருந்துகொண்டு எப்படி? விடியற்காலையில் எழுந்து புத்தூருக்குப் போய், பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு, ‘வீட்டிலிருந்து கிளம்புகிற’ மாதிரி அங்கிருந்து ஆபீசுக்கு வர வேண்டும். சாயங்காலமும் அதே மாதிரி போய்த் திரும்ப வேண்டும். படித்த பெண் யாராவது இதைச் செய்வாளா? நான் திங்களும் செவ்வாயும் செய்தேன். மூன்றாவது டீக்கே டீக்கடைக்காரர் என் சர்க்கரை அளவைத் தெரிந்துவைத்திருந்தார். முரளி புதன்கிழமை நகரியிலிருந்து ஒத்திகை பார்த்தார். ஒருவர் ஒத்திகைக்குப் போகும் நாளில் இன்னொருவர் ஆறு மணிக்குள் வீட்டில் இருந்ததால் ஹாசினிக்கு ஒன்றும் தெரியவில்லை.

வியாழக்கிழமை இரண்டு பேரும் ஒரே நாளில் அவரவர் ஊருக்குப் போக வேண்டும் என்றார் பொருத்தம். “நெசமா குடித்தனம் போனா ரெண்டு பேரும்தான வேலைக்குப் போவீங்கோ?”

நியாயமாகப் பட்டது. ஹாசினியிடம் சாவியைக் கொடுத்தோம்.

அன்று முரளி ரயிலில் தூங்கிவிட்டார். நகரியில் இறங்க வேண்டியவர் திருத்தணியில் எழுந்தார். நான் புத்தூர் போய்த் திரும்பி, மாடிப்படி ஏறும்போது மணி ஏழே முக்கால். யூனிஃபார்மோடு, மடியில் பையை வைத்துக்கொண்டு, மூன்றாவது மாடிப் படியில் ஹாசினி உட்கார்ந்திருந்தாள். சாவியை வகுப்பிலேயே விட்டுவிட்டாளாம். வழக்கமாக நாங்கள் வரும்வரை அவளைப் பார்த்துக்கொள்ளும் கீழ் வீட்டுக்காரர்கள் முந்தின நாள்தான் காலி செய்துகொண்டு போயிருந்தார்கள். லாட்ஜுக்குக் குழாய் பதிக்க வந்த மேஸ்திரி ஒருவர் அவளுக்கு பன் வாங்கிக் கொடுத்திருந்தார். பாதி தின்று, மீதியைக் காகிதத்தில் மடித்து வைத்திருந்தாள். நாலரை மணியிலிருந்து அங்கேயே இருந்திருக்கிறாள்.

அவள் அழவில்லை. “இன்னிக்கு மட்டும் லேட்டாம்மா, இல்ல இனிமே டெய்லி இப்டித்தானா?” என்று மட்டும் கேட்டாள். தெரிந்துகொண்டால் அதற்குத் தகுந்தபடி இருந்துகொள்ளலாம் என்பது போலக் கேட்டாள்.

மறுநாள் காலையில் நேராகப் பின்கட்டுக்குப் போனேன். என்ன பேசினேன் என்று முழுதாக நினைவில்லை. உங்கள் கிறுக்குத்தனத்துக்கு என் குழந்தைதான் கிடைத்தாளா என்று கேட்டது நினைவிருக்கிறது. பெட்டி தூக்க வந்தவர்கள் பெட்டியோடு அப்படியே நின்றார்கள்.

பொருத்தம் டேப்பைக் கீழே வைத்தார். “எவ்ளோ நேரம்மா ஒக்காந்துனு இருந்துச்சி?”

“மூணே கால் மணி நேரம்.”

கட்டி முடித்த ஒரு பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே பாட்டில் மருந்து.

“எம் பையன் கைக்கொழந்தையா இருக்கறப்ப பாகாலாவத் தாண்டி ஒரு ஊர்ல வூடு புடிச்சேன்” என்றார். “ஞாயித்துக்கெழம போனேன். காத்தோட்டமா இருந்துச்சி. ஒரு மணி நேரத்துல முடிவு பண்ணிட்டேன். போறதுக்கு ரெண்டு மணி நேரம், வர்றதுக்கு ரெண்டு மணி நேரம். நான் கெளம்பறப்ப அவன் தூங்கினு இருப்பான். திரும்பறப்பவும் தூங்கினு இருப்பான். பதினாலு வருசம்மா. அவன் வளந்தத நான் ஞாயித்துக்கெழமைங்கள்ல மட்டுந்தான் பாத்தேன்.”

“வேற ஊருக்கு மாறியிருக்கலாமே அண்ணா?”

“மொத மாசம் கஷ்டமா இருந்துச்சி, மாறிடலாம்னு நெனச்சேன். அப்பால பழகிப்போச்சி. எம் பொண்டாட்டிக்கும் பழகிப்போச்சி. அவனுக்கும் பழகிப்போச்சி. இப்ப பெங்களூர்ல கீறான். போன் பண்ணா ‘சொல்லு நைனா, இன்னா விசயம்’னு கேக்கறான். விசயம் இல்லாம பேச எங்க ரெண்டு பேருக்கும் தெரியாதுமா.”

பக்கத்தில் கிடந்த டேப்பை எடுத்து அதன் முனையைத் தேடினார். கிடைக்கவில்லை.

“நேத்து நீ அழுதிருப்ப. ஒரு வருசம் போயிருந்தா அழுதிருக்க மாட்ட. அதுக்குத்தாம்மா ஒத்திகை. புள்ளைய ஒக்கார வெச்சது என் தப்புதான். வூட்டுக்கு மொதல்ல யாரு திரும்பறதுன்னு உங்ககிட்ட மொதல்லயே கேட்டிருக்கணும். மத்ததெல்லாம் கேட்டுட்டு அத வுட்டுட்டேன்.”

அன்று சாயங்காலம் முரளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பல நாளைக்குப் பிறகு ஹாசினி தபால் கொடுக்காமல் நேராகப் பேசிக்கொண்டோம். அவர் தட்டில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “நான் ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் கேக்கறேன்” என்றார். காலை ஆறு மணி ஷிஃப்ட். இரண்டு மணிக்கு முடியும். பள்ளிக்கூடம் விடுவதற்குள் வீட்டில் இருக்கலாம். ஆனால் அந்த ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் புத்தூர் வரைக்கும்தான் வரும், நகரிக்கு வராது. அதை அவரே சொன்னார். அண்ணன்களிடமும் அவரே சொல்லிக்கொண்டார். நானும் சந்திரகிரியைப் பற்றி அதன் பிறகு வாய் திறக்கவில்லை.

புத்தூரில் பால் காய்ச்சினோம். வெங்காயம் உரிக்கத் தெரியாமல் முப்பத்தெட்டு வருஷம் வாழ்ந்த மனுஷர், தினமும் சாயங்காலம் நாலரை மணிக்கு மகளுக்கு தோசை ஊற்றக் கற்றுக்கொண்டார். முதல் மாதம் தோசைகள் ஆந்திரா மேப் மாதிரி இருந்தன. எனக்கென்று ஒரு பங்கு ஹாட்பாக்சில் இருக்கும். ஏழு மணிக்கு நான் வரும்போது இருவரும் ஏதோ ஒரு கணக்குக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

குடிபோன இரண்டாவது மாதம் முரளி ஒன்று சொன்னார். பகல் மூன்று மணிக்கு அவர் தெருவுக்குள் நுழையும்போது எதிர் டீக்கடையில் பொருத்தம் உட்கார்ந்திருந்தாராம். இவரைப் பார்த்ததும் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாராம். ஹாசினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, கதவு திறந்திருப்பதைப் பார்த்து, செருப்பை உதறிவிட்டு உள்ளே போகிற வரைக்கும் இருந்திருக்கிறார். கூப்பிட்டும் வரவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதாம். அன்று அவர் அரை நாள் லீவு எடுத்திருந்தது எனக்குத் தெரியும். தலைவலி என்று சொல்லியிருந்தார்.

போன வருஷம் பொருத்தம் ஓய்வு பெற்றார். அப்புறம் ஒரு நாள் அவரே போன் செய்தார். பெங்களூரில் மகனுக்குப் பெண் பிறந்திருக்கிறாள். நகரத்துக்குள் கட்டுப்படியாகவில்லை, வெளியே ஏதாவது ஊருக்குப் போகலாம் என்று பார்க்கிறானாம். “‘எந்த ஊருன்னு தெரியல, நைனா. நீ வந்து பாரேன்’னு கேட்டான்மா” என்றார்.

அவர் பெங்களூர் போய் நாலு மாதம் ஆகிறது. முதல் வாரம் ஒரு தடவை கூப்பிட்டார். “மூணு ஊரு பாத்துட்டோம், ஒண்ணும் சரியில்ல. ரெண்டு பேரும் பஸ்லயே போய்க்கினு வந்துக்கினு கீறோம். போறப்ப ரெண்டு மணி நேரம், வர்றப்ப ரெண்டு மணி நேரம் பேசிக்கினே வரான்மா” என்றார். அவர் குரலில் அவசரம் எதுவும் தெரியவில்லை. பன்னிரண்டு செகண்டில் ஓர் ஊரை எடை போட்ட மனுஷர், இந்த விஷயத்தில் ஒரு முடிவுக்கும் வருகிற மாதிரி இல்லை.

இப்போதெல்லாம் நான் கூப்பிட்டால் எடுப்பதில்லை. பக்கத்தில் மகன் ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறான் போல என்று நினைத்துக்கொள்கிறேன். எடுக்க மாட்டார் என்று தெரிந்தே, அவர்கள் பேச்சு இன்னும் ஓடுகிறதா என்று பார்க்க, வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிடுகிறேன்.