மைமலில் படுக்கக்கூடாது

ஜெர்மனியில் சும்மா கிடப்பதற்குக் காசு கட்டுகிற இடங்கள் நிறைய உண்டு. அப்படி ஒரு இடத்தில் வேலைக்குச் சேர்ந்து, ஒருத்தரையும் சும்மா கிடக்க விடாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். மைமல் அண்ணை.

மைமல் என்றால் பொழுது பட்டும் இருட்டாத இடைநேரம். யாழ்ப்பாணத்துப் பேச்சு. அந்தச் சொல் அவர் வாயில் எந்நேரமும் கிடக்கும். அதனால் அந்தப் பெயர். சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். நாங்கள் யாரும் பாவித்ததில்லை.

இடம் ஹனோவரில் இருந்து ரயிலில் போய், பஸ்ஸில் ஏறி, பிறகு நடக்க வேண்டிய தூரம். காட்டுக்குள் மரவீடுகள். ஒவ்வொன்றுக்கும் மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. வெளியே சாய்கதிரை. அதன்மேல் செம்மறித்தோல். பக்கத்தில் சுடுதண்ணீர்த் தொட்டி. பின்னேரத்தை அனுபவிக்கவென்றே கட்டியது. காலையில் அங்கே என்ன செய்வது என்று யாரும் கேட்பதில்லை.

சூரியன் இறங்கும்போது ஒரு வெண்கலக் கிண்ணத்தில் தட்டுவார்கள். அதன்பிறகு நன்றாக இருட்டும் வரை எங்கும் விளக்கு இல்லை. பேச்சு இல்லை. வேலைக்காரர் துணிச்செருப்போடு நடக்க வேண்டும். விருந்தினர் கதவைத் திறந்து போட்டு, குளித்த தலையை விரித்துப் போட்டு, அப்படியே கிடப்பார்கள்.

நான் கட்டில் விரிப்பவள். அண்ணை விறகு கொத்துவார், தொட்டி சூடாக்குவார், குழாய் திருத்துவார். கோடையிலும் காதை மூடிய தொப்பி போடுவார். வந்த முதல் நாள் இந்தக் காட்சியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“பிள்ளை, இதென்ன கூத்து? விளக்கு வைக்கிற நேரத்தில சவம் மாதிரிக் கிடக்கினம்!”

“காசு குடுத்துக் கிடக்கினம் அண்ணை.”

“காசு குடுத்தா மூதேவி வராமல் விடுவாளோ?”

எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் படுக்கக்கூடாது. தலை விரிக்கக்கூடாது. வீடு இருட்டாகக் கிடக்கக்கூடாது. சீதேவியும் மூதேவியும் வாசலுக்கு வருகிற நேரம். அண்ணை அதைக் கொஞ்சம் கூடுதலாக நம்பினார். ஊரை விட்டு வந்து பெர்லினில் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்க முன்னமே, விமானத்தில் பக்கத்தில் நித்திரை கொண்டவரை எழுப்பினாராம். யன்னலுக்கு வெளியே மைமலாம். பொய்யாக இருக்கும். ஆனால் அவர் செய்யக்கூடியவர்.

முதலில் விளக்கில் தொடங்கினார். வீட்டுக்கு வீடு வாசற்படிக்குக் கீழே பற்றரியில் எரிகிற சின்ன மெழுகுதிரி ஒன்றை ஒளித்து வைத்தார். எங்கள் முதலாளியம்மாவை எல்லாரும் செஃபின் என்போம். அவர் ஒரு பின்னேரம் காட்டைப் பார்த்து, மின்மினிப்பூச்சி வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டார். அப்போது பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பிறகு தலைமயிர். முள்ளங்கிக் கட்டில் வருகிற ரப்பர் வளையங்களைச் சேர்த்துச் சட்டைப்பையில் வைத்திருப்பார். தலை விரித்து வாசலில் இருக்கும் பெண்ணிடம் போவார். ஒன்றை நீட்டுவார். நிற்பார். கட்டும் வரை நிற்பார். பாவம், அந்தப் பெண்கள் ஏதோ சிகிச்சை என்று நினைத்துக் கட்டினார்கள்.

ஒருநாள் ஒரு வீட்டில் இருந்து முட்டைக்கு உப்புக் கேட்டார்கள். குசினியில் இருந்து கொண்டுபோனது அண்ணை.

“உப்புக் குடுத்தீங்களோ?” என்று கேட்டேன்.

“பொழுதுபட்ட பிறகு உப்போ? விசரோ உனக்கு? சோயா சோஸ் குடுத்திட்டு வாறன்.”

அவர்கள் முட்டையை அதோடு சாப்பிட்டு, செய்முறை கேட்டு ஆள் அனுப்பினார்கள்.

சிக்கல் மியூனிக்கில் இருந்து வந்த ஒரு சோடியால் வந்தது. புருசன் பெரிய கொம்பனிக்காரர். சாய்கதிரையில் குறட்டை விட்டார். அண்ணை அவருடைய பெருவிரலைப் பிடித்து ஆட்டினார். அவர் கண் திறந்து ஏன் என்று கேட்டார். அண்ணையின் ஜெர்மன் விறகுக்கும் தண்ணீருக்கும் போதும். மூதேவிக்குக் காணாது. இருந்தாலும் சொன்னார்.

“இப்ப நித்திரை கூடாது. கெட்ட பொம்பிளை வருவாள்.”

மனைவி தொட்டிக்குள் இருந்தா. எழும்பினா.

“எந்தப் பொம்பிளை?”

அந்தப் பின்னேரம் அந்தக் காட்டில் யாரும் அமைதியை அனுபவிக்கவில்லை. மரத்தில் இருந்த ஆந்தையும் போய்விட்டது.

அடுத்த நாள் செஃபின் என்னைக் கூட்டிக்கொண்டு அவர்களிடம் போனார். விளங்கப்படுத்து என்றார். சொன்னேன். அக்கா தங்கச்சி இரண்டு பேர். ஒருத்தி செல்வம் கொண்டுவருவாள். மற்றவள் இருப்பதையும் துரத்துவாள். மைமலில் இரண்டு பேரும் வாசலுக்கு வருவார்கள். நித்திரை கொள்கிற வீட்டுக்குள் மற்றவள் போவாள்.

மனைவி கவனமாகக் கேட்டா. பிறகு புருசனின் காலில் ஒரு உதை விட்டா.

“போன வருசம் பங்குகள் விழுந்தபோது நீ எப்போதும் பின்னேரத்தில்தான் தூங்கினாய்!”

செஃபினுக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணையைக் கூப்பிட்டார். இனி ஒரு விருந்தினரை எழுப்பினால் கூண்டிகுங் என்றார். வேலை போகும். விறகுக் கொட்டிலுக்கு மேலே அவர் இருந்த அறையும் வேலையோடுதான். அதுவும் போகும். அந்த வயதில் வேறு வேலை கிடைக்காது. வீடு அதைவிடக் கிடைக்காது.

“எழுப்பாதேங்கோ அண்ணை,” என்றேன்.

“ஓம் ஓம்,” என்றார். அவர் இரண்டு ஓம் சொன்னால் இல்லை என்று கருத்து.

அடுத்த இலையுதிர் காலத்தில் ஒரு பத்திரிகைக்காரி வந்தா. இப்படியான இடங்களில் தங்கிப் பார்த்து, நல்லது கெட்டது எழுதுகிறவ. செஃபின் மூன்று தரம் கண்ணாடி துடைக்க வைத்தார். பிறகு என்னிடம் வந்தார்.

“கிண்ணம் தட்ட முதல் உன் அண்ணையைக் கொட்டிலுக்குள் வைத்துப் பூட்டு. நீயும் உள்ளே இரு.”

பூட்டினேன். சாவியை ஏப்ரன் பைக்குள் போட்டேன். தேத்தண்ணி ஊற்றினேன். யன்னலால் அந்த வீடு தெரிந்தது. கிண்ணம் தட்டினார்கள். பத்திரிகைக்காரி வந்து சாய்ந்தா. தலையை விரித்தா. கதவு திறந்தபடி. உள்ளே இருட்டு. நித்திரையில் வாயும் திறந்தது.

அண்ணை ஊரில் யாரோ செத்த மாதிரி முனகினார்.

“சாவியைத் தா பிள்ளை.”

“ஏலாது.”

“பார், தலைமயிர் நிலத்தில முட்டுது!”

“முட்டட்டும். தேத்தண்ணியைக் குடியுங்கோ.”

“நீயெல்லாம் ஒரு தமிழிச்சியோ?”

“ஓம்.”

அப்போது பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. குளியல் அங்கியோடு ஒரு அம்மா வந்தா. மியூனிக்காரி. அவர்கள் திரும்பவும் வந்திருந்தார்கள். தலை இறுக்கக் கட்டியிருந்தது, முள்ளங்கி ரப்பரால். பின்னால் புருசன், கையில் மெழுகுதிரி. நேரே பத்திரிகைக்காரியிடம் போனார்கள். அந்த அம்மா குனிந்து பெருவிரலைப் பிடித்து ஆட்டினா. அண்ணை பேசுகிற அதே ஓட்டை ஜெர்மனில் சொன்னது எங்களுக்குக் கேட்டது.

“இப்ப நித்திரை கூடாது. கெட்ட பொம்பிளை வருவாள்.”

மற்ற வீடுகளில் இருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். இரண்டு பேர் அவசரமாகத் தலை கட்டினார்கள்.

செஃபின் கொட்டிலுக்கு ஓடி வந்தார். கதவை உதைத்தார். திறந்தேன். அண்ணை கையில் கோப்பையோடு, கோயில் சிலை மாதிரி இருந்தார்.

“நான் இஞ்சைதான் இருந்தனான்,” என்றார் தமிழில். பிறகு என்னைக் காட்டினார். நான் தலையாட்டினேன்.

பத்திரிகைக்காரியும் பின்னால் வந்துவிட்டா. தலையைக் கட்டியபடி.

“இது உங்கள் நிகழ்ச்சியில் உள்ளதா?” என்று கேட்டா.

செஃபின் அவவைப் பார்த்தார். மெழுகுதிரியோடு நின்ற மியூனிக்காரரைப் பார்த்தார். அண்ணையைக் கன நேரம் பார்த்தார்.

“யா,” என்றார்.

ஒருமுறை ‘யா’ சொன்ன பிறகு எப்படி நிறுத்துவது? வேலை தப்பியது. அறையும் தப்பியது. செஃபின் அவருக்கு ஒரு கறுப்புக் கோட்டு எடுத்து, தினமும் முறையாக எழுப்பச் சொன்னார். அண்ணை கோட்டால் விறகை மூடிவிட்டு, பழைய சட்டையோடு போய் எழுப்பினார்.

செஃபின் சொல்லைக் கேட்டு நான் அன்றைக்குக் கதவைப் பூட்டினேன் என்று அண்ணைக்குக் கன நாள் கோபம். எழுப்புவதை மட்டும் விடவில்லை. லீவு நாட்களில் பின்னேரம் நான் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடப்பேன். அப்போது என் கதவில் வந்து தட்டி, “எழும்பு பிள்ளை, முகத்தைக் கழுவு,” என்று சொல்ல இந்த நாட்டில் அவர் ஒருவர்தான் இருந்தார்.