பதினேழாம் பக்கம்

மஞ்சட்காய்ச்சலைப் பற்றித் தமிழில் பேசத் தகுதியுள்ள ஒரேயொரு மனிதர் மொன்றியல் மாநகரில் அருளம்பலம்தான். இதை நான் சொல்லவில்லை, ஆய்வரங்கின் அழைப்பிதழ் சொன்னது. அழைப்பிதழை எழுதியவன் நான். அருளம்பலமும் நான்தான்.

எங்கள் ‘முத்தமிழ் ஆய்வு வட்ட’த்தில் ஒன்பது உறுப்பினர்கள். எட்டுப் பேர் நிர்வாகிகள். ஒன்பதாமவர் சீனித்தம்பி. மட்டக்களப்புக்காரர். கதிரை அடுக்குவது, தேநீர் போடுவது, தான் குடியிருக்கும் புறநகர் பியர்பொன்ட்ஸிலிருந்து கார் எடுத்து வந்து எட்டு நிர்வாகிகளையும் வீடு வீடாக ஏற்றி இறக்குவது எல்லாம் அவர்தான். பதவி கொடுத்தால் வேலை கெட்டுவிடும் என்பதால் அவருக்கு ஒன்றும் கொடுக்கவில்லை.

‘வரலாற்றிலும் இலக்கியத்திலும் மஞ்சட்காய்ச்சல்’ என்பது என் ஆய்வு. நாற்பத்திரண்டு பக்கம்; அட்டையில் பெரிய எழுத்தில் என் பெயர். கையெழுத்தில் முடித்திருந்த வேளையில், ஊருக்குப் போய்த் திரும்பிய சீனித்தம்பி டெங்குக் காய்ச்சலோடு வந்து இறங்கினார். மனைவி மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அங்கேயே நின்றுவிட்டார். ஆஸ்பத்திரியில் ஐந்து நாள். பிறகு வீட்டில் தனியே.

எங்கள் ஆட்களுக்கு யாராவது வருத்தமாய்க் கிடந்தால் திராட்சைப்பழமும் நெஸ்டமோல்ட் சத்துமாப் பேணியுமாகப் போய்க் கட்டிலைச் சுற்றி நிற்பது வழக்கம். ஆகவே செயற்குழு அவசரமாகக் கூடியது. சூமில்.

தலைவர் சிவநேசம் தொடங்கினார். “டெங்கு தொத்துமோ, அருளம்பலம்? நீர்தானே இதில பெரிய ஆள்.”

“தொட்டால் தொத்தாது. நுளம்பு கடிச்சால்தான். மஞ்சட்காய்ச்சலைப் பரப்புற அதே வரிக்கால் நுளம்பு.”

“வெளியில மைனஸ் இருபத்திரண்டு. நுளம்பு ஏது? அப்ப போவமோ?”

சூமில் எட்டுச் சதுரங்கள். எட்டும் அசையவில்லை. யாருக்கோ இணையம் நின்றுவிட்டது என்று நினைத்தேன். எல்லாருக்கும் தைரியம்தான் நின்றிருந்தது. அந்த நெருக்கடியில் என் புலமை கைகொடுத்தது.

“வரலாறு என்ன சொல்லுதெண்டால், அந்தக் காலத்தில நுளம்பு கப்பலின்ர தண்ணிப் பீப்பாவுக்குள்ள இருந்து கடல் கடந்திருக்கு. இப்ப ஒண்டு சீனித்தம்பியின்ர சூட்கேசுக்குள்ள வந்திருந்தால்?”

“சூட்கேஸ்,” என்றார் சிவநேசம் பக்தியோடு. “அதை நான் யோசிக்கேல்லை.”

‘சூட்கேஸ் அபாயம் நீங்கும்வரை உடலால் விலகி, உள்ளத்தால் நெருங்கி நிற்பது’ என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறி வாட்ஸ்அப்பில் அனுப்பப்பட்டது. சீனித்தம்பி பதிலுக்குக் கும்பிடும் கை ஒன்று அனுப்பினார். அவருக்குத் தனிமை தெரியக்கூடாது என்ற அக்கறையில், என் நாற்பத்திரண்டு பக்கங்களையும் படம் பிடித்து, கணினியில் ரைப் பண்ணித் தரும்படி நானும் அனுப்பினேன்.

அக்னெஸ் என்றொரு பெண். ஜான்-டலோன் சந்தையில் மரக்கறிக் கடையில் வேலை. வட்டத்தில் உறுப்பினர் அல்ல. எந்த ஆய்வும் வாசித்தவரும் அல்ல. வேலை முடிந்ததும் ஒன்றரை மணி நேரம் பஸ் பிடித்துப் போய், சீனித்தம்பிக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துவிட்டு வந்தார். தினமும். இச்செய்தி செயற்குழுவைக் கலங்கடித்தது. ஆய்வரங்கில் அவருக்குக் கதவோரமாக, ‘காற்றோட்டமான’ ஆசனம் ஒதுக்கினோம்.

சனிக்கிழமை பிற்பகல். தேவாலயத்தின் கீழ்மண்டபம். சீனித்தம்பி இல்லாததால் கதிரைகள் கோணலாகவும் தேநீர் இல்லாமலும் அரங்கு களைகட்டியது.

நான் முழங்கினேன். “ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்று மூன்று. பிலடெல்பியா. மக்கள் கைகொடுப்பதை நிறுத்தினார்கள். வினாகிரியில் தோய்த்த துணியை மூக்கில் பிடித்துக்கொண்டு தெருவின் நடுவே நடந்தார்கள். கட்டிலில் கிடந்தவர்களை விட்டுவிட்டுச் சொந்தங்களே ஓடின. அந்நகரத்துக் கறுப்பின மக்கள்தான் நோயாளிகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், பிணங்களை அடக்கம் செய்தார்கள். காய்ச்சல் ஓய்ந்த பிறகு, ஊர் அவர்களைப் பற்றியே அவதூறு எழுதியது.”

இலக்கியப் பகுதியில் இன்னும் உருக்கம். கதைகளில் இக்காய்ச்சல் எப்போதும் நல்லவர்களையே பிடிக்கிறது. ஓடிப்போனவர்கள்தான் பிழைத்திருந்து கதையை எழுதுகிறார்கள் என்றேன். சிவநேசம் கண்ணைத் துடைத்தார்.

அக்னெஸ் அழவில்லை. பஸ்ஸுக்கு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கேள்வி நேரத்தில் அவர்தான் எழுந்தார். “எனக்குக் கேள்வி இல்ல. சீனித்தம்பி அண்ணன் ஒரு கடிதத் துண்டு தந்தவர், உங்களிட்டக் குடுக்கச் சொல்லி.”

அவர் மேடைக்கு வந்தார். நான் இரண்டு அடி பின்வாங்கினேன். மேசையில் வைத்துவிட்டுப் போனார். துண்டை ஒலிவாங்கியின் நுனியால் திருப்பினேன். மண்டபம் முழுவதும் ‘கர்’ என்றது.

“அண்ணன், ரைப் பண்ணி முடிச்சன். நல்லா எழுதியிருக்கீங்க. ஒரேயொரு சந்தேகம். பதினேழாம் பக்கத்தில, இந்தக் காய்ச்சல் தொட்டாத் தொத்தாது, பயந்து ஓடினவங்க மூடர்கள் எண்டு இருக்கு. டெங்கும் அப்படித்தான் எண்டு கீழ ஒரு குறிப்பும் இருக்கு. அது பிழையெண்டாச் சொல்லுங்க, திருத்திவிடுறன். சரியெண்டா, நாளைக்கு வாங்க. கரம் போட் தூசி பிடிச்சுக் கிடக்கு.”

ஞாயிறு காலை அக்னெஸோடு பஸ் ஏறினேன். திராட்சைப்பழமும் இரண்டு நெஸ்டமோல்ட் பேணியும் மடியில். சீனித்தம்பி கதவைத் திறந்தார். சட்டைக்குள் பாதி ஆள்தான் இருந்தார். கை நீட்டினார். என் கண் அவருக்குப் பின்னால் சூட்கேசைத் தேடியது.

“அது மேல்மாடியில இருக்கு, அண்ணன். பூட்டித்தான் வச்சிருக்கன்,” என்றார். “உள்ளுக்க வாங்க, குளிர் வருது.”

கையைப் பிடித்தேன். குளிராக, எலும்பாக இருந்தது. விடத் தோன்றவில்லை.

கரமில் மூன்று ஆட்டமும் தோற்ற பிறகு, “பதினேழாம் பக்கத்தில ஒரு வரி சேர்க்கவேணும், சீனித்தம்பி,” என்றேன். அவர் மடிக்கணினியைத் திறந்தார். நான் சொல்லச் சொல்லத் தட்டினார்:

“பிலடெல்பியாவில் ஓடியவர்கள் ஒன்றும் தெரியாமல் ஓடினார்கள். மொன்றியலில் ஓடியவர்கள் அடிக்குறிப்புகளோடு ஓடினார்கள்.”

தட்டி முடித்து நிமிர்ந்தார். “மொன்றியலில ஓடினது ஆரெண்டு பேர் போடவேணாமா, அண்ணன்?”

“தேவையில்லை,” என்றேன். “அட்டையில இருக்கு.”