சீரியல் எண் 786

கும்மிடிப்பூண்டி
29.8.2009, சனிக்கிழமை

அன்புள்ள தம்பி சர்ஃபராஸுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் மாமாவும் நலம். நோன்பு நல்லபடியாகப் போகிறது. மஸ்கட்டில் நீ ஸஹருக்கு எழுந்து ஒழுங்காகச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறேன். இது மரியாதைக்கு எழுதுவது. எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த விஷயத்தைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ சிரிப்பாய். கடிதத்தைப் படித்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

2007 நவம்பரில் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் நீ ஆபீஸில் வைத்துவிட்டுப் போன கம்ப்யூட்டர் பெட்டியைப் பற்றித்தான் எழுதுகிறேன். நம் மீன்கூடைக் கம்பெனியின் பெயரைச் சொல்லி உலகத்தில் யார் விலாசம் கேட்டாலும் அது பதில் சொல்லும், அதற்குள் ஸோன் ஃபைல் என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதன் நகல் மண்ணடிக் கடையில் இருக்கும் இன்னொரு பெட்டியிலும் இருக்கிறது என்று நீ சொல்லிக்கொடுத்ததெல்லாம் நினைவிருக்கிறது. திங்கட்கிழமை புது இன்டர்நெட் லைன் வந்தது. லைனோடு நம் விலாசமும் மாறியது. பட்டியலில் பழைய விலாசத்தை எடுத்துவிட்டுப் புதியதை எழுத வேண்டும், அதோடு மேலே 2007 என்று தொடங்கும் சீரியல் எண்ணையும் மாற்ற வேண்டும். சீரியல் எண் என்ற சொல்லை நான் வாய்விட்டுச் சொன்னதுதான் முதல் தப்பு. மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"புது லைனு. அப்புறம் இன்னாத்துக்கு ரெண்டாயிரத்து ஏழுன்னு பழசையே இழுத்துக்கினு போற? எழுநூத்தி எம்பத்தாறு போடும்மா" என்றார்.

அவருடைய வண்டியும் செல்போனும் அந்த எண்ணில்தான் முடிகின்றன, உனக்கே தெரியும். ஸ்டோர்ஸ் பச்சையப்பன் ஆரம்பாக்கத்திலிருந்து அப்போதுதான் ரயில் இறங்கி வந்திருந்தார். சனிக்கு உண்டான எட்டு நட்டநடுவில் நிற்கிறதே பாய் என்று அவர் தயங்கினார். பிறகு விரல்விட்டுக் கூட்டி, மொத்தம் இருபத்தொன்று, அதையும் கூட்டினால் மூன்று, மூன்று குருவுக்கு உரியது, தாராளமாகப் போடலாம், ஒண்ணும் பேஜார் இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். இந்தக் கம்பெனியில் இருவரும் ஒரே நாளில் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை. நான் புள்ளியியலில் எம்.எஸ்சி. வாங்கியவள். எண்ணுக்கு ராசி உண்டு என்பதை நம்புகிறவள் இல்லை. ராசி இல்லையென்றால் எந்த எண்ணாக இருந்தால் என்ன என்று போட்டுவிட்டேன். என் அவநம்பிக்கையால் வந்த வினை இது, வேறு யாரையும் சொல்லிக் குற்றமில்லை. அதற்கு மேல் வரியில் நீ எழுதி வைத்திருந்த குறிப்பைப் படித்தாயா என்று கேட்காதே.

ஆனால் நீ சொன்னபடி சோதித்துப் பார்க்காமல் விடவில்லை. கறுப்புத் திரையில் named-checkzone என்று அடித்தேன். சீரியல் 786 ஏற்றப்பட்டது, ஓகே என்று பதில் வந்தது. மாமா "பாத்தியா" என்றார். நாற்பத்தெட்டு வயதில் முதல்முறையாக ஒரு இயந்திரத்தின் பேச்சை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டேன். நகலை இனி எங்கே வந்து எடுப்பது என்று மண்ணடிப் பெட்டியிடமும், சொல்ல வேண்டிய மற்ற இடங்களிலும் புது விலாசத்தைச் சொல்லிவிட்டு நிம்மதியாக நோன்பு திறந்தேன். செவ்வாய்க்கிழமை முதல் பாதி மெயில் வருகிறது, பாதி வரவில்லை. கூடையில் கைப்பிடி உடைந்தது என்று நெல்லூர்க்காரர் எழுதிய புகார் மட்டும் மூன்று தடவை வந்தது. ஆர்டர் அனுப்பினோமே என்று மங்களூரிலிருந்து போனில் திட்டுகிறார்கள். மாமா புதன்கிழமை எழுந்து நின்று பேசினார். சென்னைக் கம்பெனி ஒன்றிடம் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம், சனிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் தம்பி வைத்த பெட்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடு, இந்த ஊரில் உருக்குவதற்கா இடமில்லை என்றார். சிப்காட்டில் நின்றுகொண்டு இப்படிச் சொன்னால் அதற்கு மறுப்பு இல்லை, ஜன்னல் வழியாகவே இரண்டு உருக்காலைப் புகைபோக்கி தெரிகிறது. அந்தப் பெட்டியின் மேல் எனக்கு எந்தப் பாசமும் இல்லை. தூசி துடைப்பது உண்டு, அவ்வளவுதான். ஆனாலும் மறுநாள் எனக்கு ஸஹர் இறங்கவில்லை.

வியாழக்கிழமை ரயில் பிடித்து மண்ணடிக்குப் போனேன். அங்கே பட்டியலைத் திறந்தால் எழுத்தே இல்லை, பூச்சி பூச்சியாக ஏதோ ஊர்கிறது. பெட்டி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். பிறகுதான் நினைவு வந்தது, சீக்கிரம் படித்துக்கொள்வதற்காக அதை நீ இயந்திர வடிவத்தில் வைத்திருந்தாய், மனிதர் படிக்கிற மாதிரி மாற்ற named-compilezone என்று ஒன்று இருக்கிறது என்று ஒரு தாளில் எழுதியும் கொடுத்திருந்தாய். மூன்று தடவை தப்பாக அடித்தேன், நாலாவது தடவை மாற்றிக்கொடுத்தது. பார்த்தால் அதே பழைய விலாசம், அதே பழைய 2007110502. அது தினம் செய்ததை எழுதி வைக்கும் லாகையும் பிரித்துப் படித்தேன். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. கும்மிடிப்பூண்டி காட்டும் எண் தன்னிடம் இருப்பதைவிடப் பெரியதாக இருந்தால்தான் நகல் எடுக்கும். நூறு கோடிக் கணக்கில் எண் வைத்திருக்கிறவனிடம் போய் 786-ஐ நீட்டினால் பழைய சரக்கு என்று தள்ளிவிடத்தானே செய்யும். இந்தப் பெட்டியிடம் கேட்டவர்களுக்குப் புது விலாசம், அந்தப் பெட்டியிடம் கேட்டவர்களுக்குப் பழைய விலாசம். மங்களூர்க்காரர்கள் எப்போதும் மண்ணடியைத்தான் கேட்பார்கள் போலிருக்கிறது.

மாற்றி வந்த பட்டியல் அவ்வளவு அழகாக இருந்தது சர்ஃபராஸ், ஒவ்வொரு வரியும் முழுசாக, நேர்கோட்டில். அதையே பென் டிரைவில் எடுத்துவந்தேன். வெள்ளிக்கிழமை மாமா ஜும்ஆவுக்குப் போன நேரத்தில் அதில் புது விலாசமும் அன்றைய தேதியை வைத்து 2009082801 என்ற எண்ணும் போட்டு, சோதித்து, பழைய ஃபைலின் மேலேயே வைத்துவிட்டேன். மண்ணடி உடனே வாங்கிக்கொண்டது. மாமா திரும்பி வந்தபோது மங்களூர் ஆர்டர் திரையில் இருந்தது. அவர் பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டு, பையன் கெட்டிக்காரன்தான் என்று எங்கோ பார்த்துச் சொன்னார்.

பிறகுதான் கவனித்தேன். நீ வரிக்கு வரி அரைப்புள்ளி போட்டு எழுதி வைத்திருந்த குறிப்புகள் ஒன்றுகூட இல்லை. இயந்திரத்துக்கு வேண்டாதவற்றையெல்லாம் மாற்றும்போதே உதிர்த்துவிடுமாம். 'அக்கா, நோன்பு வச்சுக்கினு இதுல கை வைக்காத.' 'நெம்பர் ஏறணும், எறங்கக்கூடாது, மாமா கேட்டா உட்டுடாத.' 'இந்த வரி எதுக்குன்னு எனக்கே மறந்துபோச்சு, தொடாத.' ஆங்கில எழுத்தில் தமிழை இப்படி எழுதுவது அசிங்கம் என்று உன்னிடம் சொல்லியிருக்கிறேன். அவற்றை நான் ஒருபோதும் படித்ததில்லை. நினைவில் இருப்பது இந்த மூன்றும் இன்னும் பதினொன்றும்தான்.

எப்படியோ, எல்லாம் சரியாகிவிட்டது. பெட்டி அதன் இடத்தில் இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். பெருநாளுக்கு லீவு கிடைக்காது என்று நீ சொன்னதைப் பற்றி வருத்தப்படாதே, இதற்காக நீ சிரமப்பட்டு வர வேண்டாம். மாமா தன் துஆவை எழுதச் சொன்னார். பச்சையப்பன் விசாரித்தார். அல்லாஹ் உனக்கு நல்ல உடம்பையும், சமைக்கத் தெரிந்த கூட்டாளிகளையும் தரட்டும்.

இப்படிக்கு, உன் அக்கா,
மெஹர்னிசா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. வர வேண்டாம் என்று எழுதியிருக்கும் வரியை அடித்துவிட்டுப் படி. சனிக்கிழமை நோன்பு திறக்கும்போது மாமா, நம்பர் ஏறலாம், இறங்கக்கூடாது, அப்படித்தானே என்று கேட்டார். ஆமாம் என்றேன். தப்பாக ரொம்ப மேலே ஏற்றிவிட்டால் என்று கேட்டார். தம்பி மாதிரி தெரிந்தவர்கள் வந்துதான் இறக்க வேண்டும் என்றேன். அவர் இன்னொரு பேரீச்சம்பழம் எடுத்துக்கொண்டு பேச்சை மாற்றினார், அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். இன்று காலை வந்து பார்த்தால் சீரியல் எண்ணாக ஒரு நாலும் ஒன்பது சைபரும் நிற்கின்றன. சோதித்தேன், ஓகே என்கிறது. மண்ணடியும் வாங்கிவிட்டது, இனி தேதிக் கணக்கில் எந்த எண் போட்டாலும் சிறியது என்று தள்ளிவிடும். பாய் சொன்னாரு, போட்டேன், நாலு ராகுவுக்கு உண்டானது வேணாம்னுதான் சொன்னேன் என்கிறார் பச்சையப்பன். மாமாவைக் கேட்டால், "மூணு பெருநாளா அவன் மூஞ்சிய பாக்கல. பொட்டி ரிப்பேரு, நீ வந்தாதான் ஆவும்னு எழுது நிசா" என்றார். எழுதிவிட்டேன். இந்த எண்ணை இரண்டு படியாக இறக்க ஒரு வழி உண்டு, உன் அலமாரியில் இருந்த தடிப் புத்தகத்தில் இருக்கிறது, பென்சிலால் கோடுகூடப் போட்டிருக்கிறேன். மாமாவிடம் சொல்லவில்லை. அங்கிருந்தபடியே நீயும் இறக்கிவிடலாம், எனக்குத் தெரியும். தெரியாதவன் போல டிக்கெட் போடு. குறிப்புகளையும் நீதான் உட்கார்ந்து எழுத வேண்டும், ஆங்கில எழுத்திலேயே எழுது.