முனீஸ்வரன் சேவலும் மூன்று பாத்திக் கத்திரியும்

சேவல் மூன்றாவது பாத்தியில் இறங்கிவிட்டது.

"ம்மா, கம்பு எங்க வச்ச?"

"அத அடிக்காதடி. சாமி சேவலு."

செல்வகுமாரி தேடுவதை நிறுத்தினாள். பக்தியால் அல்ல; கம்பின் மேல்தான் அவள் அம்மா கனகாம்பாள் உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை வேளாண் அலுவலகத்திலிருந்து அதிகாரி வருகிறார். பாகூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கு ஒரு வீட்டுத்தோட்டப் பயிற்சியாளர் வேண்டுமாம். வேலை கேட்பவர் முதலில் தன் வீட்டுப் புழக்கடையில் தோட்டம் போட்டுக் காட்ட வேண்டும். குருவிநத்தத்தில் அந்தத் தெருவுக்கே முதல் பட்டம் செல்வகுமாரியுடையது. தாவரவியல். ஏழு வருடமாகக் கண்ணாடிக்குள் சுவரில் தொங்குகிறது. பட்டத்துக்குக் கிடைத்த ஒரே வேலை அதுதான்.

நடுவில் இந்தச் சேவல். காலில் மஞ்சள் துணி. முனீஸ்வரனுக்கு நேர்ந்துவிட்டது. வேண்டுதல் பலிக்கும்வரை யாரும் அடிக்கக் கூடாது, அடைக்கக் கூடாது. தெருவே அதற்குச் சோறு போட்டது. பணி நிரந்தரம் ஆனவர்களின் நிதானம் அதன் நடையில் இருந்தது.

"யாரு வூட்டு வேண்டுதலு இது?"

"வெளிய சொன்னா பலிக்காது." கனகாம்பாள் முருங்கைக்கீரையை உருவிக்கொண்டிருந்தாள்.

"எவளா இருந்தாலும் அவ காரியம் உருப்படாமப் போவட்டும்."

கனகாம்பாளின் கை நின்றது. "வாயக் கழுவுடி."

திங்கட்கிழமை தோட்டத்தைச் சுற்றிப் பழைய மீன்வலையைக் கட்டினாள். சேவல் கோழிக்கூண்டின் மேல் ஏறி உள்ளே குதித்தது. கனகாம்பாளின் ஆறு பெட்டைகளும் வலைக்கு அடியில் மண்ணைக் கிளறி வழி செய்துகொண்டு பின்னாலேயே போயின. வந்த வழி மறந்து அங்கேயே தங்கிவிட்டன.

செவ்வாய்க்கிழமை மிளகாய்த்தூளைக் கரைத்துத் தெளித்தாள். கோழிகள் வெண்டைக்கன்றைக் கூடுதல் ருசியோடு தின்றன. பறவைகளுக்கு மிளகாய்க் காரம் உறைக்காது. இரண்டாம் ஆண்டில் இதை எழுதி மதிப்பெண்ணே வாங்கியிருந்தாள். காற்று திரும்பியதில் கண் எரிந்தது கனகாம்பாளுக்கு மட்டும்தான்.

"இதுக்காடி உன்ன படிக்க வச்சேன்?"

புதன்கிழமை சேவலைக் கூடை போட்டுக் கவிழ்த்து, மேலே இரண்டு செங்கல் வைத்தாள். மத்தியானம் பக்கத்து வீட்டு மஞ்சுளாவின் போர் மோட்டார் எரிந்துபோனது.

"சாமி சேவல அடைச்சி வச்சா மோட்டரு எரியாம இன்னா பண்ணும்?" என்று மஞ்சுளா வந்து நின்றாள்.

"லோ வோல்டேஜு அக்கா. காலைலேர்ந்து எங்க வூட்டு ஃபேனே சுத்தல."

"அதுவும் இதாலதான்."

கோயில் பூசாரி வீரப்பனையும் அவளே கூட்டி வந்தாள். அவர் பரிகாரம் சொன்னார். அடைத்தவளே சேவலுக்கு மஞ்சள் தண்ணீரில் கால் கழுவி, தின்னக் கம்புத் தானியம் போட்டு, இரண்டு நாள் இதே புழக்கடையில் அதன் இஷ்டத்துக்கு விட வேண்டும்.

"ரெண்டு நாளா? வெள்ளிக்கிழம ஆபீசர் வராரு மாமா."

"வரட்டும்மா. சேவலு அவர ஒண்ணும் பண்ணாது."

தெருவே கூடி நிற்க, பட்டதாரி சேவலின் காலைக் கழுவினாள். சேவல் அடுத்த காலையும் நீட்டியது.

வெள்ளிக்கிழமை அதிகாரி அரிகரன் வந்தார்.

"இது இன்னாம்மா?"

"கத்திரி சார்."

கத்திரி இருந்த குழியில் சேவல் படுத்து மண் குளித்துக்கொண்டிருந்தது.

"அது?"

"வெண்ட சார்."

அங்கே ஒரு பெட்டை முட்டையிட்டுவிட்டு எழுந்து போனது.

அரிகரன் கெட்டவர் இல்லை. வெயிலில் வெகுநேரம் தேடி ஒரு கீரைத்தண்டைக் கண்டுபிடித்தார். குறிப்பெழுதப் பேனாவைத் திறப்பதற்குள் சேவல் வந்து அதையும் கொத்திக்கொண்டு போனது.

"கோழிகிட்டேர்ந்து தோட்டத்தக் காப்பாத்தறதுதாம்மா நீங்க நடத்த வேண்டிய மொத பாடமே," என்றார். அவள் பெயரின் மேல் ஒரு கோடு போட்டார். அதிலும் அவசரமில்லை. "அடுத்த தடவ பாக்கலாம்."

அவர் வண்டிச் சத்தம் ஓய்ந்ததும் செல்வகுமாரி கொடுவாளை எடுத்தாள். சேவலை இறக்கையோடு சேர்த்து அமுக்கிப் பிடித்தாள்.

"என் பொழப்பையே கிளறிப் போட்டுடுச்சி. இன்னிக்கு இது கொழம்பு. முனீஸ்வரன் வந்து கேக்கட்டும், நான் பேசிக்கறேன்."

கனகாம்பாள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். பரிகாரம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்திருந்த வீரப்பன்தான் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து பேசினார்.

"அவசரப்படாத கண்ணு. உனுக்கு கவர்மெண்டு வேல கெடச்சாதான் அத வெட்டணும்னு உங்கம்மா வேண்டிகினு வுட்டது. மொதோ சேவலு வயசாயி செத்துப்போச்சி, இது ரெண்டாவுது."